தேர் செட் மாத்திரை

பெயர் அஞ்சலாட்சி, வயது 36, கணவர் பெயர் பலராமன், தொழில் பெரிய மார்க்கெட்டில் மீன் வியாபாரம், இருப்பிடம் வீராம்பட்டினம், கோயிலுக்குத் தெற்கே மூன்றாவது தெரு, புதுச்சேரி. 2007 ஆகஸ்ட் 25ஆம் தேதி சனிக்கிழமை காலை, காவல் நிலையத்தில் கேட்கப்பட்டபோது சொன்னது.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கோவையாக எழுத வராது. ஆகவே நான் சொல்லச் சொல்ல நிலைய ஏட்டு அவர்கள் எழுதுகிறார். என்னை யாரும் மிரட்டவில்லை, இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை. சீக்கிரம் எழுதி முடித்து என்னை அனுப்பினால் போதும். என் மகள் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் ஆகிக் காய்ச்சல் இறங்காமல் கிடக்கிறாள். இதை முதலில் எழுதச் சொன்னேன். அது வரிசைப்படி பின்னால் வரும் என்று ஏட்டு சொன்னார். எனக்கு அதுதான் முதல் என்று சொன்னதின் பேரில் இங்கேயே எழுதப்பட்டது.

எனக்கு ஒரே மகள். பெயர் கார்குழலி, எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். என் கணவர் ஃபைபர் போட்டில் கடல் தொழில் செய்கிறார். எங்கள் ஊர் அம்மன் கோயிலின் இந்த வருட ஆடித் திருவிழாவுக்கு எங்கள் பங்காளிகள் சார்பில் என் கணவர் காப்புக் கட்டினார். மகளுக்கும் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிவிட்டார். எங்கள் வகையறாவில் காப்புக் கட்டின வீட்டார், தேர் ஓடி நிலைக்கு வந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. பகலில் போய்வரலாம். மீன் விற்கலாம், தின்னத்தான் கூடாது. நானும் காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து தலை முழுகிக்கொண்டிருந்தேன்.

காப்புக் கட்டிய அந்த வாரத்திலேயே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் குறைவாகவும் சாயங்காலம் அதிகமாகவும் காய்ந்தது. தலைவலி, வயிற்றுவலி என்று சொன்னாள், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு நான் அவளை மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, இது குடல் காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது, விடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாத்திரையை எங்கள் தெருமுனையில் உள்ள கோபிநாத் மெடிக்கலில் வாங்கினேன். கடைக்காரர் கோபிநாத்தான் இந்தக் கேஸில் புகார் கொடுத்தவர். அவர்மேல் எனக்கு முன்பகை எதுவும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலா, பேதியா, நெஞ்செரிச்சலா, அவரிடம் போய் நின்றால் போதும். இரண்டு வேளைக்கு அல்லது ஒரு நாளைக்கு வேண்டிய மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அதற்கு செட் என்று பெயர். கூட்டமாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார். நல்ல மனிதர், அதை மறுக்கவில்லை.

அதன் பிறகு மாத்திரை போட்டதும் மகளுக்குக் காய்ச்சல் தணிந்தது. உடனே என் கணவர், “போதும் நிறுத்து. அம்மன் எறங்கி வந்து ஒடம்ப ஆத்தியிருக்கா. இதுக்கு மேல மாத்திர போட்டா அவள நம்பலன்னு ஆயிடும்” என்றார். நானும் நிறுத்திவிட்டேன். மீதி அட்டையை அலமாரியில் வைத்தேன். எங்கள் தெருவில் மீந்த மாத்திரையை யாரும் எறிய மாட்டோம். காப்பித் தூள் கைமாற்று வாங்குவது போல அது வீட்டுக்கு வீடு போய்வரும். அந்த அட்டையைப் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி வாங்கிப்போய், பேதியில் கிடந்த தன் மாமியார் ராஜாம்பாளுக்குக் கொடுத்தாள். அந்த அம்மாள் இரண்டு போட்டதும் வயிறு கட்டிக்கொண்டது, எழுந்து கூழ் காய்ச்சப் போய்விட்டார். மிச்சம் அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. எங்களுக்கு இதெல்லாம் ஒத்தாசை என்றுதான் தெரியும்.

அதன் பிறகு சாகை வார்த்து அம்மனுக்குக் கூழ் படைத்த அன்று மகளுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார், அங்கே இராத் தங்க வேண்டும், காப்பு இருக்கும்போது அது முடியாது என்று என் கணவர் சொன்னதால், நேரே கோபிநாத்திடம் போனேன். “தம்பி, தேர் வரைக்கும் தாங்குற மாதிரி குடு” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “நீயுமா அக்கா? காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. தேர் செட்னு போர்டே போட்டுடலாம் போல” என்றார். அது உண்மைதான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு வயிறு சரியில்லை. வடம் பிடிக்கிறவர்கள், காவடி எடுக்கிறவர்கள், கூழ் ஊற்றுகிறவர்கள் என்று யாருக்கும் படுக்க நேரமில்லை. எல்லோரும் தேர் வரைக்கும் என்று சொல்லி அதே மாத்திரையை வாங்கினார்கள். கொஞ்சம் தணிந்ததும் விரதத்தில் மருந்து எதற்கு என்று விட்டார்கள். காய்ந்தால் மறுபடியும் போய் நின்றார்கள்.

என் மகளுக்கும் அப்படியே நடந்தது. போட்டால் கொஞ்சம் தணியும், விட்டால் முன்னைவிட அதிகமாகக் காயும். அதன் பிறகு போட்டாலும் தணியவில்லை. தேருக்கு முந்தின நாள் அவள் வயிறு உப்பிக்கொண்டிருந்தது. நாக்கு வறண்டு, பேச்சு குழறியது. நான் என் கணவரிடம், “இந்தாய்யா, புள்ளய பாரு, வா ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அழுதார். “ஒரு ராத்திரிதான அஞ்சல. தேர் நெலைக்கு வந்துடட்டும், நானே தூக்கிக்கினு ஓடறன்” என்றார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுனாமியில் எங்கள் மூவரையும் கரையேற்றியவள் அந்த அம்மன்தான் என்று இன்றைக்கும் நம்புகிறவர் அவர். காப்பை மீறினால் அவள் பிள்ளையின் மேல்தான் கை வைப்பாள் என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் அவரை உதறிவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

தேரன்று காலையில் ஒரே வேளையில் இரண்டு செட் கொடுத்தேன். அதன் பிறகு, தேர் புறப்படுகிற வேட்டுச் சத்தம் கேட்கிற நேரத்தில், மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை அலறினாள். பிறகு சிறிது நேரத்தில் என்னைப் பார்த்து, “எம்மா, இப்ப வலி வுட்டுடுச்சிம்மா” என்றாள். நான் அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கோயில் இருக்கிற திசையைக் கும்பிட்டேன். தேர் ஏறிய நேரத்தில் அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று தெருவில் போனவர்களிடமெல்லாம் சொன்னேன். குடல் ஓட்டையானால் சில பேருக்குக் கொஞ்ச நேரம் வலி விட்டது போலிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். நான் கும்பிட்டு எழுந்தது அதைத்தான்.

அதன் பிறகு அவளுக்கு உடம்பு சில்லிட்டு வேர்த்துக் கொட்டியது. வயிறு பலகை மாதிரி விறைத்தது, தொட விடவில்லை. நான் கூட்டத்துக்குள் ஓடி, வடத்தில் நின்ற என் கணவரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். நான் அவரை அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்ததும் வடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். தேர் பாதித் தெருவில் இருந்தது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் காப்போடு எல்லையைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதை முந்தின நாளே செய்திருக்கலாம் என்று வழியெல்லாம் இரண்டு பேரும் நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஊசி போட இடம் வேண்டும் என்று நர்ஸ் மகளின் கையில் இருந்த மஞ்சள் நூலைக் கத்தரியால் வெட்டினார். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பிறகு அந்த நூலைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், இன்னமும் அதில்தான் இருக்கிறது. குடலில் ஓட்டை விழுந்து உள்ளே எல்லாம் சீழ் பரவியிருந்ததாகவும், கழுவித் தைத்திருப்பதாகவும் சொன்னார்கள்.

அதன் பிறகு அங்கிருந்த டாக்டரம்மா, இதுவரை என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். வெறும் அட்டைகளைக் காட்டினேன். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “இந்தக் கிருமிக்கு நீங்க குடுத்த மாத்திரை கேக்கவே கேக்காதும்மா” என்றார். இன்னும் அதிகமாகக் கொடுத்திருந்தால் கேட்டிருக்குமா என்று கேட்டேன். “எவ்ளோ குடுத்தாலும் கேக்காது. அவங்க ரெண்டு இவங்க ரெண்டுன்னு தின்னுட்டுப் பாதியிலயே நிறுத்தினா, சாகாம மிஞ்சுற கிருமிதான் ஊர் பூரா பரவும். அது இந்த மருந்துக்குப் பழகிடும். உங்க பொண்ணு வயித்துக்குள்ள வரும்போதே அது பழகித்தான் வந்திருக்கு” என்றார்.

என் வீட்டு அலமாரியிலிருந்து போன அட்டையும், தையல்நாயகி வீட்டிலிருந்து முந்தி எனக்கு வந்த அட்டையும், கூழ் ஊற்றுகிற இடத்தில் கை மாறின மாத்திரைகளும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தார்க்குச்சிக்குப் பழகின மாட்டை அப்புறம் எதைக் கொண்டு ஓட்டுவது? இப்போது மகளுக்குப் போடுகிற ஊசி ஒன்றுதான் இந்தக் கிருமிக்குக் கேட்கிறது என்றும், அதையும் கடையில் வாங்கி ஆளுக்கு ஒன்று போட்டுக்கொள்ள ஆரம்பித்தால் அப்புறம் தங்கள் கையில் ஒன்றுமே இருக்காது என்றும் டாக்டரம்மா சொன்னார். மருந்து கேட்டாலும், சீழ் பிடித்த குடல் ஒட்ட வேண்டும், காய்ச்சல் இறங்கினால்தான் எதையும் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். மகளுக்கு வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. மூக்கில் குழாய் இருக்கிறது. அவள் கஞ்சி கேட்டால் பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இன்றைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நேற்று மதியம் மாற்றுத் துணி எடுப்பதற்காக வீட்டுக்கு வந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கும்போது கோபிநாத் மெடிக்கலில் தையல்நாயகி நிற்பதைப் பார்த்தேன். இடுப்பில் அவள் மகள் நிர்மலா, ஐந்து வயது, தலையைத் தோளில் சாய்த்துத் துண்டு போர்த்திக் கிடந்தாள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். “தேரன்னிக்கிலேர்ந்து வருது போவுது அக்கா. தம்பி குடுக்கற மாத்திர போட்டா எறங்குது” என்றாள். கோபிநாத் கையில் கத்தரியும் அதே அட்டையும் இருந்தன. பாதி மாத்திரையாக உடைத்துக் காகிதத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம், “தம்பி, அது கேக்காதுய்யா. ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. குடுக்காத. இந்தப் புள்ளைய அங்க அனுப்பு” என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர், “உன் பொண்ணுக்குக் கேக்கலன்னா எல்லாருக்கும் கேக்காதா அக்கா? பெரிய பெரிய டாக்டருங்களும் இதத்தான் எழுதறாங்க. நான் குடுக்கலன்னா அவங்க அடுத்த கடையில வாங்கப் போறாங்க” என்றார். நான் கண்ணாடிப் பெட்டியின் மேல் கை வைத்துக் கெஞ்சினேன். காலைப் பிடிப்பதாகவும் சொன்னேன். அவர், “நீ தூங்காம கெடக்கற, வீட்டுக்குப் போய்ப் படு” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார். மடிக்கும்போது, பழக்கத்தில்தான், “இந்தாம்மா, இன்னிக்கு ஒரு செட்” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கையில் இருந்த காலித் தூக்கால் கண்ணாடிப் பெட்டியை அடித்தேன். முதல் அடியில் விரிசல் விட்டது, அடுத்த அடியில் உடைந்தது. உள்ளே இருந்த அந்த மாத்திரை அட்டைகளை அள்ளிச் சாக்கடையில் போட்டு மிதித்தேன். வேறு மருந்து எதையும் தொடவில்லை. கல்லாப்பெட்டியைத் தொடவில்லை. கோபிநாத் தடுக்க வந்தபோது கண்ணாடிச் சில்லு அவர் முன்கையில் கீறி இரத்தம் வந்தது உண்மை. நான் கத்தியால் வெட்டியதாகப் புகாரில் சொல்லியிருப்பது பொய். மீன் வெட்டுகிற கத்தியை நான் மார்க்கெட்டிலிருந்து வெளியே எடுத்துப்போவதில்லை. நான் அடித்தது கஞ்சித் தூக்கால்தான். அது நசுங்கிப்போய் இங்கேயே மேஜையின் மேல் இருக்கிறது. கடையில் இருந்தவர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதன் பிறகு நான் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். இன்று காலை காவலர் வந்து கூப்பிட்டதின் பேரில், என் கணவரை மகளிடம் விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்கிறார்கள். கோபிநாத்தின் கையில் காயம் பட்டதற்கு வருத்தப்படுகிறேன். அவர் பிள்ளைகளும் அந்தத் தெருவில்தான் வளர்கிறார்கள், அவர் வீட்டிலும் அந்த மாத்திரையைத்தான் போடுகிறார்கள். கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். மாத்திரைகளுக்காக வருத்தப்படவில்லை. நாளைக்கும் அதையே காய்ச்சல் பிள்ளைக்கு மடித்துக் கொடுத்தால் நாளைக்கும் உடைப்பேன். இப்படி எழுதினால் உனக்குத்தான் கெடுதல், வேண்டாம் என்று ஏட்டு சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

இந்த இடத்தில் நிலையத்துக்கு என் கணவரிடமிருந்து போன் வந்தது. ரிசீவரை என்னிடம் கொடுத்தார்கள். “தையல் வுட்டுப்போச்சாம். மறுபடியும் உள்ள எடுத்துக்கினு போறாங்க. ஒன்னத்தான் கேட்டா. நீ வா அஞ்சல” என்றார். வாக்குமூலத்தைப் பிறகு வந்து முடிக்கலாம், உடனே கிளம்பு என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆட்டோ கூப்பிடக் காவலர் போயிருக்கிறார். அது வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், அதையும் எழுதிவிடச் சொன்னேன்.

எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த தையல்நாயகி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. நிர்மலாவையும் மடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள், நேற்றைவிட இன்றைக்கு வயிறு தூக்கியிருக்கிறது. தையல்நாயகியின் கையில் மடித்த காகிதம் இருக்கிறது. இன்று காலையும் வாங்கியிருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது இது: “அடி தையலு, எனக்கு எதிரா என்னா வேணும்னாலும் சொல்லு. கத்தியால வெட்டினான்னே சொல்லு, நான் ஒத்துக்கறன். புள்ளைக்கு வலி வுட்டுடுச்சின்னு சொன்னா மட்டும் சந்தோஷப்பட்டுடாதடி. நான் சந்தோஷப்பட்டன்.”

ஆட்டோ வந்துவிட்டது. மேலே உள்ளதெல்லாம் என் வாயால் நானே சொன்னது, நடந்தபடி சொன்னது. ஏட்டு அவர்கள் படித்துக் காட்ட, வாசலில் நின்றபடி கேட்டேன், சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்) ப. அஞ்சலாட்சி

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்) நெடுமாறன், நிலைய ஏட்டு

குறிப்பு: மேற்படி வாக்குமூலம் முடிந்த பிறகு, புகார்தாரர் தரப்புச் சாட்சி தையல்நாயகியை விசாரணைக்கு அழைத்தபோது அவர் நிலையத்தில் இல்லை. அஞ்சலாட்சி ஏறிய அதே ஆட்டோவில் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாகப் பாராக் காவலர் தெரிவித்தார். ஆகையால் சாட்சியின் வாக்குமூலம் பதிவு செய்யப்படவில்லை. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மேல், காகிதத்தில் மடித்த ஒரு செட் மாத்திரை பிரிக்கப்படாமல் இருந்தது. அது எடுக்கப்பட்டு, நசுங்கிய தூக்குடன் சேர்த்து வைக்கப்பட்டுள்ளது.